மச்சான் கொண்டுவந்த கறுப்பு ரப்பர்

என் வீட்டுக்காரர் ராஜராஜனுக்கு என் தம்பியைக் கண்டால் வயிறு எரியும். இதை மறைத்துப் பேசி ஆகப்போவது ஒன்றுமில்லை. கங்கைகொண்ட சோழபுரத்தில் டவுன் பஸ் நிற்கிற இடத்தில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். என் தம்பி திருமுருகன் எங்களுக்கு ஒரு கெடுதலும் செய்ததில்லை. அதுதான் இவருக்கு இன்னும் எரிச்சல். அவன் ஒரு வார்த்தை தப்பாகப் பேசியிருந்தால் இவர் சண்டை போட்டுத் தீர்த்திருப்பார். அவனோ வாய்க்கு வாய் ‘மாமா, மாமா’ என்பான். அவனை என்னவென்று திட்டுவது?

இவர் மைக் செட் போடுகிறவர். மீசை முளைக்கும் முன்பே தென்னை மரத்தில் ஏறிக் குழாய் ஸ்பீக்கர் கட்டியவர். பிறகு அரியலூரில் ஒரு ரேடியோ கடையில் வேலைக்கு இருந்து ஆம்ப்ளிஃபையர் செய்யக் கற்றுக்கொண்டு, இப்போது சொந்தச் செட் வைத்திருக்கிறார். ஸ்பீக்கர் பெட்டிகளைக் கடையில் வாங்குவார். ஆம்ப்ளிஃபையரை மட்டும் சாமான் சாமானாக வாங்கித் தன் கையாலேயே பூட்டுவார். கம்பெனி ஆம்ப்ளிஃபையர் வைத்திருப்பவர்களைக் கண்டால் ஒரு இளக்காரச் சிரிப்பு சிரிப்பார். குரலும் கணீரென்று இருக்கும். “தாய்மாமன் சீர் வருகிறது, பங்காளிகள் வழிவிடவும்” என்று மைக்கில் சொன்னால் போதும், கூட்டம் தானாக விலகும்.

அப்படிப்பட்ட மனிதர், அரும்பாவூரில் என் அப்பா வீட்டுக்குப் போனால் வாயிருந்தும் ஊமை. என் அப்பா பழனிவேல் கெட்டவர் இல்லை. மாப்பிள்ளை வந்தால் கோழி அடிப்பார், இலையில் முதல் துண்டு மாப்பிள்ளைக்குத்தான். ஆனால் பேச்சென்று வந்தால் அவருக்குத் தன் மகன் சொல்வதுதான் வேதம். இவர் எனக்குத் தாலி கட்டிய நாளிலிருந்து என் அப்பாவிடம் எதிர்பார்த்தது ஒன்றே ஒன்று. ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, திருமுருகன் சொல்வதைத் தள்ளிவிட்டுத் தன் பேச்சை அந்த மனிதர் எடுத்துக்கொள்ள வேண்டும். அவ்வளவுதான். நகை நட்டு கேட்கிற மாப்பிள்ளையாக இருந்திருந்தால் எப்போதோ கொடுத்து அனுப்பியிருப்பார்கள். இவர் கேட்டது அந்த வீட்டில் கிடைக்காத பொருள்.

ஒரு தடவை அப்பா வீட்டுக் கிணற்று மோட்டார் உறுமிக்கொண்டே நின்றது, ஓடவில்லை. இவர் போய்க் காதை வைத்துக் கேட்டுவிட்டு, “கெப்பாசிட்டர் போயிடுச்சு மாமா, மாத்துனா ஓடும்” என்றார். அப்பா, “ம்ம், பாப்போம்” என்றார். ஸ்பீக்கர் பெட்டி கட்டுகிறவனுக்கு மோட்டாரைப் பற்றி என்ன தெரியும் என்று அந்த ‘பாப்போம்’ சொன்னது. பிறகு கொல்லைப் பக்கம் போய் திருமுருகனுக்குப் போன் போட்டார். திரும்பி வந்தபோது முகமெல்லாம் பல். “தம்பி கரெக்டா சொல்லிட்டான் மாப்ள! கெப்பாசிட்டராம்!” என்றார். இவர் அப்படியே எழுந்து வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். அரியலூர் வரும்வரை பின்னால் உட்கார்ந்திருந்த என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. அரியலூர் தாண்டியதும் பேசத் தொடங்கினார் பாருங்கள், வீடு வந்து சேரும்வரை நிறுத்தவே இல்லை.

இவருடைய ஆம்ப்ளிஃபையருக்கு ஒரு வியாதி உண்டு. வெயில் காலத்தில் கொதித்துவிடும். சித்திரை, வைகாசியில்தான் விசேஷங்கள் அதிகம், அப்போதுதான் அதற்கும் காய்ச்சல் வரும். பாட்டு கரகரக்கும், பிறகு அமுங்கிப் போகும். அதனால் எந்த விசேஷத்துக்குப் போனாலும் ஒரு மேஜை விசிறியை எடுத்துப் போய் ஆம்ப்ளிஃபையர் பக்கம் திருப்பி வைப்பார். மணவறையில் மாப்பிள்ளை வேர்த்து ஒழுகிக்கொண்டிருப்பான், இங்கே இரும்புப் பெட்டிக்குக் காற்று வீசிக்கொண்டிருக்கும். வீட்டிலும் அதே கதைதான். எங்கள் மகள் கீதாஞ்சலியை வயிற்றில் சுமந்துகொண்டு நான் முந்தானையால் விசிறிக்கொண்டிருந்த மத்தியான வேளையில், விசிறி அந்தப் பக்கம் திரும்பியிருக்கும். எனக்கும் அந்தப் பெட்டியின்மேல் வயிற்றெரிச்சல் உண்டு. ஏன் பொய் சொல்ல வேண்டும்?

என் தம்பி பெரம்பலூர்ப் பக்கம் ஒரு காலேஜில் ஆராய்ச்சி செய்கிறான். என்ன ஆராய்ச்சி என்று அப்பாவுக்குத் தெரியாது. ஆனால் ஊருக்கெல்லாம் சொல்வார். எனக்கு அவன் சொல்லி ஓரளவு புரிந்தது. செல்போன், லைட், கம்ப்யூட்டர் எல்லாவற்றுக்குள்ளும் சூடு உண்டாகிறது. அதை வெளியே கொண்டுபோகாவிட்டால் சாமான் கருகிவிடும். அதற்கு இவர்கள் கிராஃபீன் என்று ஒன்றை ரப்பரோடு கலந்து மெல்லிய ஷீட்டாகச் செய்கிறார்கள். சூடாகிற சாமானுக்கும் அதைத் தாங்கியிருக்கும் அலுமினியத்துக்கும் நடுவே அந்த ஷீட்டை வைத்தால், சூடு அது வழியாக இறங்கி வெளியே போய்விடுமாம்.

கீதாஞ்சலிக்கு மொட்டையடித்துக் காது குத்துவதென்று நாள் குறித்த பிறகு, தாய்மாமன் முறையில் சீர் பற்றிப் பேச திருமுருகன் எங்கள் வீட்டுக்கு வந்தான். வந்தவன் சும்மா வரவில்லை. பையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் கவரை எடுத்தான். உள்ளே இரண்டு ஷீட்டு. ஒன்று அட்டைக் கறுப்பு, இன்னொன்று சாம்பல் நிறம்.

“மாமா, உங்க செட்டு சூடாவுதுன்னு அக்கா சொல்லுச்சு. அதுக்குத்தான் கொண்டாந்தேன். பென்சில்ல எழுதுற கரி இருக்குல்ல மாமா, அதையே ஒத்தை அடுக்கா உரிச்சு எடுத்தா அதான் கிராஃபீன்…”

“பென்சில் கரியா?” என்றார் இவர்.

“ஆமா மாமா. ஆனா சூட்டைக் கடத்துறதுல அதை அடிச்சுக்க ஆளில்ல.”

“நான் இத்தனை வருஷம் மைக்கா வச்சு, களிம்பு தடவி செட்டு ஓட்டுறேன். நீ பென்சிலைச் சீவி எனக்கு வைத்தியம் பண்ண வந்துட்டியா?”

மைக்கா என்பது கண்ணாடித் தாள் போன்ற ஒன்று. ஆம்ப்ளிஃபையரில் டிரான்சிஸ்டர் என்கிற சாமானை அலுமினியத்தில் திருகி வைப்பார்கள். சூடு அலுமினியத்துக்குப் போக வேண்டும், கரண்ட் போகக் கூடாது. அதற்குத்தான் இடையில் மைக்கா. இவர் இரண்டு பக்கமும் வெள்ளைக் களிம்பைத் தோசைக்கு எண்ணெய் விடுகிற மாதிரி தாராளமாகத் தடவுவார்.

திருமுருகன் கோபப்படவில்லை. அவனுக்குத்தான் கோபமே வராதே! “அப்படி இல்ல மாமா, நானே வந்து உங்க கூட இருந்து வச்சித் தர்றேன். இதுல ஒரு விஷயம் கவனிக்கணும்…” என்று ஆரம்பித்தான். அந்த நேரம் பார்த்துத்தானா அப்பாவின் போன் வர வேண்டும்! ஸ்பீக்கரில் போட்டான். “என்னடா, மாப்ளைக்கு அந்த ஷீட்டைக் கொடுத்தியா? அவருக்கு ஒண்ணும் தெரியாது, நீயே கூட இருந்து மாட்டிக் கொடுத்துட்டு வா” என்று அப்பாவின் குரல் கூடம் முழுக்கக் கேட்டது.

இவர் முகம் சுண்டிப்போனது. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, “நான் முந்திரித் தோப்பு வரைக்கும் போயிட்டு வரேன்” என்று வெளியே போய்விட்டார். கவனிக்க வேண்டிய அந்த விஷயத்தைக் கேட்டது நான் மட்டும்தான்.

“அக்கா, இந்தக் கறுப்பு இருக்கு பாரு, இதுல கிராஃபீன் மட்டும்தான். சூடும் போவும், கரண்டும் போவும். இது சும்மா காட்டலாம்னு கொண்டாந்தேன். மாமா செட்டுக்கு இந்தச் சாம்பல் கலர்தான். இதுல கரண்ட் போவாம இருக்க வேற பொடியும் கலந்திருக்கு. நான் அடுத்த வாரம் வந்து வச்சித் தர்றேன். மாமா கோவம் ஆறட்டும், அதுவரைக்கும் பத்திரமா வை.”

கவரை பீரோ மேல் வைத்தேன். அடுத்த வாரம் அவனுக்குக் காலேஜில் யாரோ வந்து பார்வையிடுகிறார்களாம், வர முடியவில்லை. இவர் அந்தக் கவரை ஏறெடுத்தும் பார்க்கவில்லை என்றுதான் நினைத்தேன்.

காதுகுத்து நெருங்க நெருங்க இவர் சாப்பாட்டில்கூட நிம்மதியாக இல்லை. “பெத்தவன் நானு. மொட்டை போடறப்பவும் காது குத்துறப்பவும் புள்ள உக்கார்றது அவன் மடியில. நான் ஓரமா நின்னு, ‘தாய்மாமன் அவர்களை மேடைக்கு அழைக்கிறோம்’னு மைக்ல கத்தணும். என்னாடி நியாயம் இது?”

“உலகத்துல இருக்குற வழக்கம்தானே? உங்க அக்கா புள்ளைங்க உங்க மடியிலதானே உக்காந்துச்சு?”

“அது வேற.”

“எப்படி வேற?”

“அது வேறன்னா வேற!” என்று சோற்றைத் தள்ளிவிட்டு எழுந்துவிட்டார். பொறாமைக்கு நியாயம் சொன்னால் ஏறுமா?

அப்புறம் நடந்ததைப் பிறகு அவரே சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். காதுகுத்துக்கு முந்தின நாள் நான் கோயில் பாத்திரங்களை விளக்கப் போயிருந்த நேரத்தில், பீரோ மேலிருந்த கவரை எடுத்திருக்கிறார். என் தம்பி வந்து மாட்டிக் கொடுத்தால் பேரு அவனுக்கு. தானே மாட்டிவிட்டு, விசிறி இல்லாமல் செட்டை ஓட்டிக் காட்டி, “பாத்தீங்களா மாமா” என்று என் அப்பாவைப் பார்த்து ஒரு சிரிப்பு சிரிக்க வேண்டும் என்பது திட்டம். மச்சான் சரக்கு வேண்டும், மச்சான் மட்டும் வேண்டாம்! இரண்டு ஷீட்டில் எதை எடுத்திருப்பார் என்று நினைக்கிறீர்கள்? சாம்பல் ஷீட்டைக் கையால் தடவிப் பார்த்துவிட்டு, “இது கலப்படம்” என்று தூக்கி வைத்துவிட்டார். கறுப்பு நல்ல கறுப்பாக இருந்தால் சரக்கு அதிகம் என்று அவருக்கு ஒரு கணக்கு.

மைக்காவையெல்லாம் பிடுங்கிவிட்டு அந்தக் கறுப்பை வைத்திருக்கிறார். “மைக்காவை ஏங்க கழட்டுனீங்க?” என்று பிறகு கேட்டேன். “ரப்பர்ல எவனாவது கரண்ட் போவும்னு நெனைப்பானாடி? கரண்ட் வேலை பாக்குறவன் ரப்பர் செருப்பைப் போட்டுக்கிட்டுத்தானே நிக்கிறான்!” என்றார்.

சரி, மாட்டியவர் வீட்டிலேயே போட்டுப் பார்த்திருக்கலாம் அல்லவா? மாட்டார். அவருக்கு ஒரு பழக்கம். கழற்றிப் பூட்டிய செட்டை விசேஷ இடத்தில் வைத்து, பொட்டிட்டு, சூடம் காட்டிய பிறகுதான் ஆன் செய்வார். முதல் சத்தம் சாமிக்குப் போக வேண்டும், முதல் பாட்டு பிள்ளையார் பாட்டாக இருக்க வேண்டும். அதுவும் பெற்ற மகள் காதுகுத்துக்கு வேறு மாதிரி செய்வாரா? போதாக்குறைக்கு இன்னொரு பழக்கமும் உண்டு. ஃபியூஸ் போனால் புது ஃபியூஸ் போடமாட்டார். ஒயரை உரித்துச் செப்புக் கம்பியைச் சுற்றிவிடுவார், எவ்வளவு கரண்ட் பாய்ந்தாலும் அது அறாது. “நடுப் பாட்டுல ஃபியூஸ் போனா மானம் போயிடும்” என்பார்.

எங்கள் குலதெய்வக் கோயில் முந்திரித் தோப்புக்கு நடுவில் இருக்கிறது. காலையிலேயே வெயில் சுட்டது. அரும்பாவூரிலிருந்து வேனில் என் பிறந்த வீட்டு ஆட்கள் வந்து இறங்கினார்கள். அப்பா, அம்மா, சித்தப்பா தங்கசாமி, தட்டுத்தட்டாகச் சீர், முன்னால் பட்டு வேட்டியில் திருமுருகன். கீதாஞ்சலி அவனைப் பார்த்ததும் என் இடுப்பிலிருந்து தாவினாள். இவர் அதைப் பார்த்தார். பார்த்துவிட்டு வேண்டுமென்றே ஜெனரேட்டர் பக்கம் திரும்பிக்கொண்டார்.

“மாப்ள, விசிறி எடுத்தாரலியா? செட்டு மக்கர் பண்ணுமே” என்றார் அப்பா.

“விசிறியெல்லாம் இனிமே வேண்டாம் மாமா. உக்காந்து பாருங்க” என்றார் இவர். குரலில் அவ்வளவு தெம்பு.

பெட்டிக்குப் பொட்டு வைத்தார். சூடம் காட்டினார். கும்பிட்டுவிட்டு ஸ்விட்சைப் போட்டார். பிள்ளையார் பாட்டு வரவில்லை. ஸ்பீக்கர்கள் ‘தொம்’ என்று ஒரு சத்தம் போட்டன. ‘உர்ர்’ என்று ஒரு உறுமல். பெட்டியின் பக்கவாட்டிலிருந்து நீலமாகப் புகை. இவர் பாய்ந்து ஜெனரேட்டரை நிறுத்துவதற்குள் உள்ளே இருந்ததெல்லாம் கருகிவிட்டது. கீதாஞ்சலி வீரிட்டாள். தட்டு ஏந்திய பெண்கள் அப்படியே நின்றார்கள். காது குத்த வந்த ஆசாரி ஊசியைக் கையில் பிடித்தபடி வாயைப் பிளந்தார்.

“என்ன மாப்ள இது, நல்ல நாள் அதுவுமா!” என்றார் அப்பா.

திருமுருகன் பிள்ளையை என்னிடம் கொடுத்துவிட்டு ஓடிவந்து மூடியைக் கழற்றினான். உள்ளே பார்த்தான். கறுப்பு ஷீட்டு ஒழுங்காக வெட்டப்பட்டு, வரிசையாக, அழகாகத்தான் வைக்கப்பட்டிருந்தது. அவன் நிமிர்ந்து என்னைப் பார்த்தான். எனக்கும் புரிந்துவிட்டது. இவர் எங்கள் இருவரையும் பார்த்தார். அந்த முகத்தை நான் மறக்க மாட்டேன். நாலு பேர் முன்னால் துணி அவிழ்ந்து நிற்கிறவனின் முகம் அது.

என் தம்பி எழுந்து வேட்டியைத் தட்டிக்கொண்டான். “அப்பா, மாமா மேல தப்பு இல்லப்பா. நான் கொடுத்த ஷீட்டுதான் தப்பு. செட்டுக்கு வைக்கிறதை விட்டுட்டு வேறதை மாத்திக் கொடுத்துட்டேன். மாமா நான் சொன்னபடிதான் வச்சிருக்காரு” என்றான், எல்லாருக்கும் கேட்கும்படியாக.

அவ்வளவுதான், சித்தப்பா பிடித்துக்கொண்டார். “நல்லா இருக்குடா உன் படிப்பு! ஒரு சாமானை ஒழுங்கா பாத்துக் கொடுக்கத் தெரியல, ஆராய்ச்சியாம் ஆராய்ச்சி!” யாரோ ஒரு அத்தை, “அக்கா புள்ள விசேஷத்துல இப்படியா பண்ணுவான்?” என்றாள். அப்பா தலையைக் குனிந்துகொண்டார். மகனைப் பற்றி நாலு பேர் தாழ்த்திப் பேசி அவர் கேட்டது அதுதான் முதல் தடவை. “மாப்ள பாவம், இவனை நம்பி உழைப்பைக் கெடுத்துக்கிட்டாரு” என்று சித்தப்பா வேறு சொன்னார்.

நான் இவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். எத்தனை வருஷமாக ஏங்கியது! திருமுருகன் மட்டம், இவர் உசத்தி என்று அந்தக் கூட்டமே சொல்கிறது. வாயை மூடிக்கொண்டு நின்றால் போதும். நின்றாரென்றால் அவரோடு நான் இனி எப்படிக் குடித்தனம் நடத்துவேன் என்று நினைத்துக்கொண்டே கீதாஞ்சலியை இறுக்கிப் பிடித்தேன்.

இவருக்குக் கழுத்து நரம்பு புடைத்தது. கையிலிருந்த ஸ்குரு டிரைவரைத் தரையில் அடித்தார்.

“டேய், நிறுத்துடா!”

மைக் இல்லாமல் அவர் அவ்வளவு சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. தோப்பே அதிர்ந்தது.

“யாருடா மாத்திக் கொடுத்தது? நீ எப்படா எங்கிட்ட கொடுத்த? பீரோ மேல கெடந்ததை நான்தான் எடுத்தேன்! எம் பொண்டாட்டி ஜெயசுதாவுக்குக்கூடத் தெரியாது. எடுத்தவன் நான், வெட்டுனவன் நான், மைக்காவைப் புடுங்கி எறிஞ்சவன் நான். ஃபியூஸ்ல கம்பி சுத்துனதும் நான்தான்! இவன் சொல்ல வந்தான், நான் காது கொடுக்காம எழுந்து போயிட்டேன். ஏன் போனேன்? இவனைப் பாத்தா எனக்கு ஆவாது, அதனால போனேன்!”

“மாமா, விடுங்க மாமா…”

“என்னாத்தடா விடறது? படிப்பு பேரு உனக்கு. உங்கப்பன் வாயில நல்ல பேரு உனக்கு. எம் புள்ள உன்னைப் பாத்தா என்னை விட்டுட்டு ஓடுது, சரி, போவட்டும்னு பொறுத்துக்கிட்டேன். இது என் செட்டு. என் கையால பூட்டி, என் கையால கொளுத்தினது. இந்தத் தப்பு ஒண்ணு என்னுது. இதையும் நீயே தூக்கிட்டுப் போவலாம்னு பாக்குறியா?”

சித்தப்பா மெதுவாகப் பின்னால் நகர்ந்தார். எனக்குச் சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது. பழியில்கூட மச்சானுக்குப் பங்கு தர மனசில்லாத மனிதரை நான் கட்டிக்கொண்டிருக்கிறேன்!

திருமுருகன் கண் கலங்கிவிட்டது. என்ன இருந்தாலும் என் தம்பி, பழக்கம் விடுமா? “இல்லப்பா, மாமா கோவத்துல சொல்றாரு. ரெண்டு ஷீட்டையும் ஒரே கவர்ல வச்சது என் தப்புதான். நான் என்ன சொல்றேன்னா…” என்று அப்பாவிடம் ஆரம்பித்தான்.

அப்பா குனிந்த தலையை நிமிர்த்தினார். மகனைப் பார்க்கவில்லை. இவரைப் பார்த்தார்.

“நீ சும்மா இருடா” என்றார் மகனிடம். “மாப்ள சொல்லிக்கிட்டிருக்காருல்ல.”

அப்பா தன்னைத்தான் சொன்னாரா என்பது போல இவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். நான் தலையாட்டினேன். சொல்ல வேண்டியதையெல்லாம் அவர் அப்போதே சொல்லி முடித்துவிட்டார், பாக்கி ஒன்றும் இல்லை. ஆனாலும் கருகிய பெட்டி பக்கத்தில் நின்றுகொண்டு மைக்காவைப் பற்றி, களிம்பைப் பற்றி, ரப்பரில் கரண்ட் போகும் என்று தனக்குத் தெரியாமல் போனதைப் பற்றி இன்னும் கொஞ்ச நேரம் பேசினார். என் அப்பா கைகட்டிக்கொண்டு கடைசிவரை கேட்டார்.